ரவுட்டர் பிட்: மழுங்கலா, அழுக்கா?

ரவுட்டர் என்றதும் வைஃபை பெட்டியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், அந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தோடு முடிந்தது. இது மரவேலை ரவுட்டர். பலகையில் பள்ளம் எடுக்க, ஓரத்தை உருட்ட, கதவுச் சட்டத்துக்கு வளைவு விளிம்பு போட உதவும் கருவி. மைக்கா ஓரம் சீவ நம்ம ஊர் தச்சர்கள் ஒற்றைக் கையில் பிடித்து ஓட்டுகிற ட்ரிம்மரும் இதன் தம்பிதான். ஒரு மோட்டார், அதன் தண்டு நுனியில் காலெட் என்கிற கவ்வி, கவ்விக்குள் பிட். மரத்தைத் தொட்டு வெட்டுவது அந்தப் பிட் மட்டும்தான்.

சில வருடங்களாக மொட்டைமாடி ஷெட்டில் மரவேலை செய்து வருகிறேன். பிட் மரத்தைக் கருக்க ஆரம்பித்தால், சத்தம் மாறினால், வெட்டின ஓரம் நார் நாராக நின்றால், "மழுங்கிடுச்சு, புதுசு வாங்கு" என்பதுதான் எல்லாரும் சொல்கிற யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழுங்கலும் அழுக்கும் காட்டுகிற அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க, முதலில் கழுவிவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்ல வேண்டும். கழுவியும் சரியாகவில்லை என்றால்தான் சாணை. அந்தச் சாணையும் நாம் கத்திக்குப் பிடிக்கிற சாணைக்கு நேர் எதிரானது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 12 மிமீ விட்டமுள்ள நேர் பிட், இரண்டு வெட்டு விளிம்புகள், நிமிடத்துக்கு 24,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 400 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு விளிம்பும் ஒரு தடவை மரத்தைக் கடிக்கும், ஆக நொடிக்கு 800 கடி. நீங்கள் ரவுட்டரை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளினால் நொடிக்கு 50 மிமீ. 50ஐ 800ஆல் வகுத்தால் ஒரு கடிக்கு 0.06 மிமீ சொச்சம், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். பயந்து பயந்து நிமிடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளினால்? ஒரு கடிக்கு 0.02 மிமீ. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது விளிம்பின் பக்கம் வருவோம். எந்தக் கூர்மையும் முழுக் கூர்மை இல்லை. உருப்பெருக்கிப் பார்த்தால் நுனி சின்ன வளைவாக இருக்கும். புது பிட்டில் அந்த வளைவு சில மைக்ரான்தான். ஓடி ஓடித் தேய்ந்து அது 20, 30 மைக்ரான் ஆகிவிட்டது என்றால், நீங்கள் வெட்டச் சொல்வதும் 20 மைக்ரான், நுனியின் உருண்டையும் 20 மைக்ரான். அப்போது விளிம்பு மரத்துக்குள் நுழையாது, மேலே அழுத்தித் தேய்த்துக்கொண்டு போகும். மோட்டார் கொடுக்கிற சக்தி சீவலாக வெளியேறாமல் சூடாக அங்கேயே தங்கும். கருகல் வாசனை வருவது இதனால்தான். அதே பிட்டைக் கொஞ்சம் தைரியமாகத் தள்ளினால் கருகாமல் வெட்டுவதும் இதனால்தான். ஆக கருகினாலே பிட் போச்சு என்று அர்த்தம் கிடையாது. தள்ளும் வேகம் ஒரு காரணம், மழுங்கல் ஒரு காரணம். மூன்றாவது அழுக்கு.

அழுக்கு என்ன செய்கிறது என்றால், விளிம்புக்கு ஒட்டினாற்போல இரண்டு பக்கமும் பிசினும் தூளும் சேர்ந்து, கருகி, ஒரு பழுப்பு மேலோடாகப் படிகிறது. முன்பக்கம் படிந்தால் சீவல் வழுக்கி வெளியேற முடியாமல் அடைத்துக்கொள்ளும். பின்பக்கம் படிந்தால் மரத்தைத் தொடாமல் விலகி இருக்க வேண்டிய இடம் மரத்தில் உரசும். உரசினால் சூடு. சூட்டில் மரத்தின் பிசின் இன்னும் இளகி ஒட்டும். ஒட்டினால் இன்னும் உரசல். நம்ம தொழில் பாஷையில் சொன்னால் முடிவில்லாத லூப். உள்ளே கூர் அப்படியே இருக்கும், பாவம், அது மரத்தைச் சந்திக்கவே வாய்ப்பு கிடைக்காது.

எந்த மரம், என்ன அழுக்கு

பேக்கிங் பெட்டியில் வருகிற பைன் பலகை எங்களை மாதிரி மாடி ஷெட் ஆட்களுக்கு மலிவான சரக்கு. அதில்தான் பிசின் அதிகம். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, கூடவே சிலிக்காவும் உண்டு. மணலில் இருக்கிற அதே சிலிக்கா. அதனால் தேக்கு அழுக்கும் ஆக்கும், தேய்க்கவும் செய்யும், இரட்டைத் தொல்லை. பிளைவுட்டிலும் எம்டிஎஃப்பிலும் மரத்தைவிடப் பசைதான் எதிரி. தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 மெரைன் பிளையில் இருப்பது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. இறுகிய பின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிளைவுட் ஓரத்தையே நாள் முழுக்க ஓட்டிய நேர் பிட்டை வெளிச்சத்தில் பார்த்தால், பசை அடுக்குகள் பட்ட இடங்களில் மட்டும் கோடு கோடாகத் தேய்ந்திருக்கும். அவ்வளவு துல்லியமாகத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும் அந்தப் பசை.

மைக்கா ஒட்டும் ரப்பர் பசை இன்னொரு ரகம். நூல் நூலாக இழுபட்டு பிட்டின் நுனியில் உள்ள பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தச்சர் மூலம். பக்கத்து வீட்டில் சமையலறை அலமாரி வேலை நடந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தபோது, மரத்தூளோடு ஒரு ட்ரிம்மர் பிட்டும் குப்பையில் கிடந்தது.

"என்னண்ணே, இதைப் போட்டுட்டீங்க?"

"அது செத்துப்போச்சு சார். மூணு நாள்தான் ஓடுச்சு. மைக்கா ஓரத்தைக் கருக்குது."

"நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க சார், குப்பைதானே."

அந்தப் பிட்டை வாங்கினது அவர் கைக்காசில். மெஷின், பிட், பிளேடு எல்லாம் வேலைக்காரர் பொறுப்பு என்பதுதான் அங்கே ஒப்பந்தம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து லென்ஸில் பார்த்தால் விளிம்பில் பெரிய தேய்மானமே இல்லை. பேரிங் மட்டும் பசையில் இறுகி, சுற்றவே இல்லை. இந்த வகை பிட்டில் பேரிங் மைக்காமேல் நின்று உருள வேண்டும், வெட்டு விளிம்பு தனியாகச் சுழல வேண்டும். பேரிங் இறுகினால் அதுவும் பிட்டோடு சேர்ந்து 30,000 சுற்றில் மைக்காவைத் தேய்க்கும். கருக்காமல் என்ன செய்யும்? திருகைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்து, பசையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, பிட்டைக் கழுவி மறுநாள் காலையில் கொடுத்தேன். துண்டு மைக்காவில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "சாணை புடிச்சீங்களா சார்?" என்றார்.

"இல்லண்ணே, குளிப்பாட்டினேன், அவ்ளோதான்."

கழுவுவது

அடுப்படியிலேயே எல்லாம் கிடைக்கும். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவை சோடா, பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலு சொட்டு. பிட்டின் வெட்டும் பகுதியை மட்டும் அதில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பழுப்பு மேலோடு கரைந்து வரும். அடமாக நிற்கிற இடத்துக்கு பித்தளைக் கம்பி பிரஷ். பேரிங் இருந்தால் முதலில் அலன் கீ போட்டுக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள், அது தண்ணீரைப் பார்க்கவே கூடாது.

சலவை சோடா ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பைன் பிசினின் பெரும்பகுதி ரோசின். எலக்ட்ரானிக்ஸ் லேபில் சால்டரிங் செய்தவர்களுக்கு வாசனையோடு நினைவிருக்கும், அதே ஃப்ளக்ஸ். ரோசின் என்பது பலவகை அமிலங்களின் கலவை. அமிலத்தோடு காரம் சேர்ந்தால் உப்பு, இந்த விஷயத்தில் அந்த உப்பு ஒரு சோப்பு. அதாவது பிட்டின்மேல் இருக்கிற பிசினையே நீங்கள் சோப்பாக மாற்றித் தண்ணீரில் கரைக்கிறீர்கள். காகிதத்தில் மை ஊறாமல் இருக்க, காகித ஆலைகளில் காலங்காலமாகச் சேர்த்து வந்ததும் இதே ரோசின் சோப்புதான். சால்டர் போர்டைத் துடைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ரோசினைக் கரைக்கும், மண்ணெண்ணெயும் கரைக்கும். ஆனால் தீப்பற்றும் எதையும் பொறி பறக்கிற மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில் எனக்கு விருப்பமில்லை. தின்னரும் அப்படித்தான், ரப்பர் பசைக்கு வேறு வழியில்லாததால் மட்டும், திறந்த வெளியில்.

இறுகிய ஃபீனால் பசையை இவை எதுவும் கரைக்காது. அதைச் சுற்றி இருக்கிற பிசின் போனதும் பிடிமானம் விட்டு உதிர்ந்து வரும், அதை பிரஷ்தான் தள்ள வேண்டும். பொறுமை வேண்டும்.

எதைப் போடக்கூடாது என்பது இதைவிட முக்கியம். நம் வீடுகளில் உலோகம் என்றாலே கை முதலில் போவது புளிக்கு. குத்துவிளக்குக்குப் புளி, செம்புக்கு எலுமிச்சை, துருவுக்கு வினிகர். பிட்டுக்கு இந்த மூன்றும் ஆகாது. காரணம் பிட்டின் விளிம்பு எதனால் ஆனது என்பதில் இருக்கிறது.

விடியா

லேத் பட்டறைகளில் "விடியா டிப்", "விடியா பிட்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சுவரில் துளை போடும் ட்ரில்லையும் விடியா ட்ரில் என்பார்கள். ரொம்ப நாள் அது என்ன மொழி என்று எனக்குக் குழப்பம். தேடிப் பார்த்தால் ஜெர்மன். 1920களில் ஓஸ்ரம் நிறுவனத்துக்கு பல்புக்குள் போகும் டங்ஸ்டன் இழையை இழுக்க அச்சுத் துளைகள் தேவைப்பட்டன. அதுவரை வைரத்தில் செய்தார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. அங்கே கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டோடு கலந்து அழுத்திச் சுட்டு ஒரு பொருளைச் செய்தார். 1923இல் காப்புரிமை. உரிமத்தை வாங்கிய க்ருப் நிறுவனம் 1926இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து வைத்த பெயர் விடியா. "வைரம் போல" என்று பொருள்படும் ஜெர்மன் சொற்றொடரின் சுருக்கம். பின்னாளில் அதே பெயரில் பெங்களூரில் ஒரு ஆலையும் இருந்தது. பெயர் அப்படியே நம்ம பட்டறைத் தமிழில் தங்கிவிட்டது. விடியல் என்பதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தப் பொருளைக் கான்கிரீட் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஜல்லி, கார்பைடு துகள்கள். சிமெண்ட், கோபால்ட். மரம் வெட்டும்போது உண்மையில் முதலில் தேய்வது ஜல்லி இல்லை, சிமெண்ட். சிலிக்காவும் பசையும் கோபால்ட்டை அரித்தெடுக்க, பிடிமானம் இழந்த கார்பைடுத் துகள் ஒவ்வொன்றாக உதிர்கிறது. மழுங்கல் என்பது இதுதான். மரத்தில் இருக்கிற அமிலங்களும் டானினும்கூட இந்த அரிப்பில் பங்கெடுக்கின்றன. அப்படியிருக்க நாமே போய் புளியிலோ வினிகரிலோ ராத்திரி முழுக்க ஊறவைத்தால்? கோபால்ட்டை அமிலம் கரைக்கும். துரு போய் தண்டு பளபளவென்று ஆகும், விளிம்பு உள்ளுக்குள் பொக்காகும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு சுத்தம் செய்யும் திரவங்களையும் பல பிட் தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். சலவை சோடாவின் மிதமான காரமே போதும்போது ஏன் அந்த வம்பு?

கழுவி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஹேர் டிரையரில் உலர்த்திவிடுங்கள். கார்பைடு துருப்பிடிக்காது, அதைத் தாங்குகிற எஃகுத் தண்டு சென்னைக் காற்றில் ஒரே ராத்திரியில் பிடிக்கும். வெட்டும் பகுதிக்கு மேலே உள்ள எஃகில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடைத்துவிடலாம். காலெட் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் இருக்கக்கூடாது.

இப்போது பார்க்கலாம்

கழுவின பிட்டை அதே மரத்தின் துண்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வழக்குகள் இங்கேயே தள்ளுபடி. மிச்சமிருப்பதை மேஜை விளக்கின்கீழ் எடுத்துப்போய், விளிம்பு உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கூரான விளிம்புக்கு அகலம் இல்லை, அகலம் இல்லாத இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்ப வழியில்லை, அதனால் அது கண்ணுக்குத் தெரியாது. மழுங்கின விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மொபைலின் மேக்ரோவும் போதும். கோடு தொடர்ச்சியாக இருந்தால் தேய்மானம், சாணையில் தீரும். அங்கங்கே புள்ளியாகப் பல்லு போயிருந்தால் சில்லு உடைந்திருக்கிறது. கார்பைடு தூளையும், கார்பைடும் எஃகும் பற்றவைத்த இடத்தில் விரிசலையும் தேடுங்கள். விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தூக்கி எறியுங்கள். முன்னே சொன்ன 12 மிமீ பிட்டின் விளிம்பு மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 50 மிமீ விட்டமுள்ள பெரிய பிட்டை அதே 24,000 சுற்றில் ஓட்டினால் அது 226 கிலோமீட்டர். அங்கிருந்து பிய்ந்து வருகிற ஒரு துணுக்கு எங்கே போகும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. (பெரிய பிட்டுக்குச் சுற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான்.)

சாணை

தெருவில் சைக்கிளைத் திருப்பி நிறுத்திச் சாணை பிடிக்கிறவரிடம் பிட்டைக் கொடுக்க முடியாதா என்று என் பையன் கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு காரணங்களால் முடியாது.

ஒன்று, கல். சாதாரண சாணைக்கல்லில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. எஃகைவிட மிகக் கடினம், ஆனால் கார்பைடோடு கிட்டத்தட்ட சரிசமம். சமபலம் உள்ள இரண்டு பேர் உரசிக்கொண்டால் இரண்டும் தேயும், கூர் வராது. பச்சை நிற சிலிக்கான் கார்பைடு சக்கரங்கள் கொஞ்சம் மேல். சரியான பொருள் வைரம். பயப்பட வேண்டாம், செயற்கை வைரத்தூள் பதித்த கிரெடிட் கார்டு அளவுத் தகடுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. 400, 600, 1200 என மூன்று இருந்தால் ஆயுசுக்கும் போதும். எதிர்மாறாக, உங்கள் பிட் முழு எஃகு என்றால், அதாவது பழைய எச்எஸ்எஸ் வகை, சாதாரண எண்ணெய்க்கல்லே போதும். எப்படிக் கண்டுபிடிப்பது? நுனியில் வேறு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்கும் உடம்புக்கும் நடுவில் பற்றவைத்த மெல்லிய கோடு தெரிந்தால் கார்பைடு. காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள், கோபால்ட் இருப்பதால் கார்பைடும் ஒட்டும்.

இரண்டாவது காரணம் வடிவியல். இதுதான் முக்கியம்.

கத்தியில் இரண்டு சரிவுகள் சந்திக்கிற இடம் கூர். சாணைக்காரர் சரிவுகளைத் தேய்க்கிறார். கத்தி நாளடைவில் ஒடுங்கிப்போகும், காய் நறுக்குவதற்கு அதனால் ஒன்றும் ஆகாது. ரவுட்டர் பிட்டின் விளிம்புக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. முகம் என்பது சுழலும் திசையைப் பார்த்து நிற்கும் தட்டையான உட்பக்கம், சீவல் ஏறி வருவது அதன்மேல்தான். முதுகு என்பது விளிம்புக்குப் பின்னால் சரிந்து விலகிப்போகும் வெளிப்பக்கம். பிட்டின் விட்டம், வளைவின் வடிவம், மரத்தில் உரசாமல் இருக்கும் விலகல் எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதுகு. ஆலையில் அதை மெஷின் வைத்துத் துல்லியமாகச் சீவியிருக்கிறார்கள். அதில் கை வைத்தால் கால் வட்ட வளைவு கோணலாகும், விலகல் குறைந்து முதுகு மரத்தில் தேயும், இரண்டு விளிம்பில் ஒன்று உள்ளே போய் மற்றொன்று மட்டும் வெட்டும். ஆகவே வீட்டில் தொட வேண்டியது முகத்தை மட்டும். வளைவு எத்தனை சிக்கலாக இருந்தாலும் பெரும்பாலான பிட்களில் முகம் தட்டை. ஒரு தட்டையான தகட்டை ஒரு தட்டையான முகத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும், வேறொன்றும் இல்லை.

செய்முறை. பேரிங்கைக் கழற்றி, பிட்டைக் கழுவி உலர்த்தியாகிவிட்டது. முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். வைரத்தகட்டை மேஜை ஓரத்தில் சமமாக வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முகத்தை அதன்மேல் படுக்கவைத்து, சாய்க்காமல், முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நாலு ஓட்டு ஓடிவிட்டு மையைப் பாருங்கள். முழுக்க சமமாகப் போயிருந்தால் பிடிமானம் சரி. விளிம்போரம் மட்டும் போயிருந்தால் சாய்க்கிறீர்கள், தொடர்ந்தால் கூர் வராது, உருளும். 400இல் பத்து ஓட்டு, அடுத்த விளிம்புக்கும் அதே பத்து. எண்ணிக்கை பிசகக்கூடாது, அழுத்தமும் ஒரே மாதிரி. எனக்கு எண்ணும்போது யாராவது பேசினால் கோபம் வரும், வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக் கோடு மறையும்வரை இப்படி மாற்றி மாற்றி, பிறகு 600இலும் 1200இலும் ஐந்தைந்து.

தண்ணீர் சும்மா வழுக்குவதற்கு மட்டும் இல்லை. கோபால்ட் கலந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. கார்பைடு ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு இதனால் வரும் நுரையீரல் நோய் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். நாம் எடுப்பது துளிதான், இருந்தாலும் ஈரமாகவே தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கை கழுவிவிடுவது கஷ்டமில்லை. கார்பைடைச் சக்கரத்தில் சூடேறத் தேய்த்துச் சட்டென்று தண்ணீரில் முக்குவதும் வேண்டாம், விரிசல் விடும்.

"முகத்தைத் தேய்த்தால் விட்டம் குறையாதா?" குறையும். எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். முகத்தில் 0.05 மிமீ எடுக்கிறோம், இதுவே தாராளம். முதுகின் விலகல் கோணம் 15 டிகிரி என்று வைத்தால் விளிம்பு உள்வாங்குவது 0.05 பெருக்கல் டேன் 15, அதாவது 0.013 மிமீ. இரண்டு பக்கமும் சேர்த்து விட்டத்தில் 0.027 மிமீ. பேரிங் பிட்டில் இதற்கு ஒரு விளைவு உண்டு. பேரிங் அதே அளவில் இருக்க, விளிம்பு மட்டும் 13 மைக்ரான் உள்ளே போயிருப்பதால், ஓரம் சீவும்போது அத்தனை உயரம் படியாக மிச்சம் நிற்கும். உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுத்தால் காணாமல் போகிற அளவு. ஆனால் அதே பிட்டை ஐந்தாறு தடவை தீட்டினால் கூட்டிக்கொண்டே போகும். இரண்டு பலகை அச்சாகப் பொருந்த வேண்டிய கூட்டுவேலைக்கு அந்தக் கட்டத்தில் வேறு பிட் எடுப்பது உத்தமம். ஓரம் உருட்டும் வேலைக்கு அது இன்னும் பல காலம் உழைக்கும்.

இந்த முறைக்கு வசப்படாதவையும் உண்டு. சுருள் பிட்களில் முகமே திருகிக்கொண்டு போவதால் தட்டைத் தகடு உட்காராது. அவற்றைக் கழுவலாம், தீட்ட முடியாது. டூல் கிரைண்டிங் செய்யும் பட்டறைகளில்தான் ஆகும், அதுவும் விலை கூடிய பிட்டாக இருந்தால். 6 மிமீக்குக் குறைந்த சின்ன பிட்களில் தகடு நுழைய இடமில்லை. சில்லு உடைந்ததைக் கையால் சரிசெய்ய எடுக்க வேண்டிய ஆழம் நம் தகடுக்குக் கட்டுப்படியாகாது.

பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றுங்கள். மணல் அரைபடுகிற மாதிரி உணர்ந்தால் மாற்றிவிடுங்கள், கரைப்பானில் போட்டால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும். கால் அங்குலத் தண்டு பிட்களில் பெரும்பாலும் வருவது 12.7 மிமீ வெளிவிட்டம், 4.76 மிமீ துளை. பேரிங் கடையில் ஆர்3 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

காலெட்டையும் இதே சோடாத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இல்லாமல் மாட்டுங்கள். உள்ளே ஒட்டிய பிசின்தான் பிட் வழுக்கி இறங்குவதற்கு வழக்கமான காரணம். நம் கடைகளில் 6 மிமீ தண்டும் 6.35 மிமீ தண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 6 மிமீ தண்டை கால் அங்குல காலெட்டில் இறுக்கினால் பிடித்த மாதிரிதான் தெரியும். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். பிட்டை மாட்டும் முறையை அந்தத் தச்சர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "அடிவரைக்கும் தள்ளிட்டு ஒரு நூல் மேல தூக்குங்க சார், அப்புறம் முடுக்குங்க." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மிமீ சொச்சம். இறுக்கும்போது காலெட் பிட்டைக் கொஞ்சம் கீழே இழுக்கும், அடியில் முட்டிக்கொண்டிருந்தால் இழுக்க இடமில்லாமல் பிடிப்பு அரைகுறையாகும். தியரி நான் அப்புறம் படித்தது, அவருக்கு அது கை சொன்னது.

கழுவிய பிட்களைப் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒன்றாகக் கொட்டி வைக்காதீர்கள். கார்பைடு கடினம், ஆனால் நொறுங்கும் குணம். ஒன்றோடொன்று மோதியே விளிம்பு சில்லு போகும். ஒரு கட்டையில் 6.5 மிமீ துளைகள் வரிசையாகப் போட்டுக் குத்தி நிறுத்தினால் போதும். டப்பாவை நான் செத்துப்போன பிட்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். டங்ஸ்டன் விலைமதிப்புள்ள உலோகம், முழுக் கார்பைடு கழிவை இரும்போடு சேர்க்காமல் தனி விலைக்கு எடுக்கும் பழைய சாமான் வியாபாரிகள் இருக்கிறார்கள். டப்பா அடியில் ஏழெட்டு கிடக்கின்றன, எடைக்குப் போட இன்னும் கட்டாது.